டேபிள் டாப் கிரைண்டர் லேபுக்குப் போகும் முன்: எது விழும், ஏன் விழும்

கேள்வி இது: "கஞ்சிக்கோட்டில் சின்ன யூனிட். இதுவரை கோவைக் கம்பெனிகளுக்கு அசெம்ப்ளி செய்து கொடுத்தோம். இப்போது சொந்தப் பெயரில் 2 லிட்டர் டில்டிங் கிரைண்டர் இறக்கப் போகிறோம். மோட்டார் கோவை ஆவாரம்பாளையத்தில் வைண்டிங் செய்து வருகிறது. ஐஎஸ்ஐ முத்திரைக்குச் சாம்பிள் கொடுக்க வேண்டும். முதல் தடவையிலேயே பாஸ் ஆக என்ன வழி?"

இந்தக் கேள்வியைக் கேட்கிற எல்லோரும் மோட்டாரை நினைத்துத்தான் கவலைப்படுகிறார்கள். புதிதாகப் போகிற கிரைண்டரைக் கவிழ்ப்பது பெரும்பாலும் வேறு நாலு விஷயங்கள்: எர்த் லக் (எர்த் வயரைப் பாடியில் பிடிக்கும் உலோக நுனி), பவர் கார்டின் பிடிப்பு, டிரம்முக்கு அடியில் இறங்கும் தண்ணீர், லேபிளில் அச்சடித்த வாட்ஸ். நாலையும் உங்கள் ஷெட்டிலேயே சோதித்துவிடலாம். லேபில் என்ன ரிசல்ட் வரும் என்பது சாம்பிளை வண்டியில் ஏற்றும்போதே உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

முதலில் எந்தத் தரம் என்பதைப் பார்ப்போம். வீட்டு மின்சாதனங்களின் பாதுகாப்புக்குப் பொதுத் தரம் ஐஎஸ் 302 பகுதி 1. இது சர்வதேசத் தரமான ஐஇசி 60335-1ஐ அடியொற்றியது. அதன் மேல், சமையலறை இயந்திரங்களுக்கென்று பகுதி 2-14 தனியாக உண்டு. இரண்டும் முரண்படும் இடத்தில் பகுதி 2 சொல்வதே செல்லும். கீழே தரும் எண்கள் ஐஇசி 60335-1இன் எண்கள். லேப் எந்தப் பதிப்பின்படி, எந்தத் திருத்தம் வரை சோதிக்கிறது என்பதை முதலிலேயே எழுத்தில் வாங்கி வையுங்கள். பழைய பதிப்பில் வந்த ரிப்போர்ட்டை விண்ணப்பத்தில் ஏற்காமல் போனால் கட்டிய பணம் வீண். இஸ்திரிப் பெட்டி, வாட்டர் ஹீட்டர் போன்றவற்றுக்கு 2003 ஆணையிலேயே முத்திரை கட்டாயமாகிவிட்டது. மற்ற வீட்டு, வணிக மின்சாதனங்களையும் சேர்த்துப் பிடிக்கும் தரக் கட்டுப்பாட்டு ஆணை 2025இல் வந்தது. உங்களுக்கு எந்தத் தேதியிலிருந்து பொருந்தும் என்பதை, ஐஎஸ்ஐ முத்திரை தரும் பிஐஎஸ் (இந்தியத் தர நிர்ணய அமைப்பு) தளத்தில் அந்த ஆணையையே திறந்து படியுங்கள். டீலர் சொன்னார், வாட்ஸ்அப்பில் வந்தது என்று நம்ப வேண்டாம்.

உங்களைப் போலக் கேரள-தமிழக எல்லையில் இருப்பவர்களுக்கு ஒரு குழப்பம் வரும். லைசென்ஸ் என்பது ஆலையின் முகவரிக்குத் தரப்படுவது. வைண்டிங் கோவையில் நடந்தாலும், கடைசி அசெம்ப்ளி, டெஸ்டிங், முத்திரை இடுதல் மூன்றும் கஞ்சிக்கோட்டில் நடந்தால் விண்ணப்பம் கஞ்சிக்கோட்டு முகவரியில்தான். வாளையாரைத் தாண்டினால் கோவை என்பதற்காகக் கோவைக் கிளை அலுவலகம் உங்களுடையது ஆகிவிடாது. லேபுக்கு இந்தக் கட்டுப்பாடு கிடையாது. பிஐஎஸ் அங்கீகாரம் உள்ள எந்த லேபுக்கும், எந்த மாநிலத்துக்கும் அனுப்பலாம். ஆனால் "அங்கீகாரம் உண்டு" என்ற ஒரு வார்த்தையோடு விடாதீர்கள். உங்கள் ஐஎஸ் எண்ணுக்கு, எல்லா உட்பிரிவுகளுக்கும் உண்டா என்று கேளுங்கள். பம்புக்கு அங்கீகாரம் வைத்திருக்கும் லேப் கிரைண்டருக்கும் வைத்திருக்கும் என்று சொல்ல முடியாது.

இனி சாமான்கள். 500 வோல்ட் மெகர் (இன்சுலேஷன் ரெசிஸ்டன்ஸ் அளப்பது), 3000 வோல்ட் வரை போகும் எச்வி (உயர் வோல்ட்டேஜ்) டெஸ்டர், 25 ஆம்பியர் எர்த் கன்டினியூட்டி டெஸ்டர், லீக்கேஜ் (பாடிக்குக் கசியும் கரண்ட்) மீட்டர், வேரியாக் (வோல்ட்டேஜை ஏற்றி இறக்குவது), வாட் மீட்டர், வைண்டிங் ரெசிஸ்டன்ஸ் அளக்க நல்ல மீட்டர். லைசென்ஸ் வந்த பிறகும் லைனில் சோதிக்க இவை தேவைப்படும் என்பதால் இது வீண் செலவு இல்லை. காலிப்ரேஷன் சான்றிதழோடு வாங்குங்கள். எந்தக் கருவி கட்டாயம், எத்தனை சாம்பிள், எந்த மாடல்களை ஒரே குழுவாகச் சேர்க்கலாம் என்பதெல்லாம் அந்தந்த ஐஎஸ் எண்ணுக்கு பிஐஎஸ் வெளியிடும் புராடக்ட் மேனுவலில் இருக்கிறது. அதைப் படிக்காமல் கருவி விற்பவரிடம் லிஸ்ட் கேட்டால் இரண்டு மடங்கு வாங்க வைப்பார்.

எர்த்தில் தொடங்குவோம். உங்கள் கிரைண்டர் கிளாஸ் 1, அதாவது மூன்று முனை பிளக். 12 வோல்ட்டுக்கு மிகாத சப்ளையிலிருந்து 25 ஆம்பியர் ஓடவிட்டு, எர்த் டெர்மினலுக்கும் கை படக்கூடிய உலோகத்துக்கும் நடுவே வோல்ட்டேஜ் அளப்பார்கள். ரெசிஸ்டன்ஸ் 0.1 ஓமுக்கு மேல் போகக்கூடாது. அதாவது 2.5 வோல்ட்டுக்குள் நிற்க வேண்டும். கார்டின் ரெசிஸ்டன்ஸ் இதில் சேராது. மல்டிமீட்டரில் "பீப்" கேட்டுவிட்டு அனுப்புகிறவர்கள் இங்கேதான் மாட்டுவார்கள். மல்டிமீட்டர் விடும் மில்லி ஆம்பியர் ஒரு நூலிழைத் தொடர்பிலும் போய்விடும், 25 ஆம்பியர் போகாது. குற்றவாளி அநேகமாகப் பவுடர் கோட்டிங்தான். லக்குக்கு அடியில் பெயின்டைச் சுரண்டி, பல் உள்ள ஸ்டார் வாஷர் போட்டு, வெல்டு செய்த ஸ்டட்டில் நட்டால் இறுக்குங்கள். கோட்டிங் போடும்போதே அந்த இடத்தை மறைத்துவிட்டால் சுரண்டும் வேலையே இல்லை. ஒற்றை செல்ஃப் டேப்பிங் ஸ்க்ரூவில் எர்த்தைப் பிடிப்பது தரத்தில் செல்லாது. மோட்டாரைக் கழற்றினால் கூடவே கழலும் போல்ட்டிலும் எர்த்தைப் பிடிக்காதீர்கள், சர்வீஸ்காரர் திருப்பி மாட்ட மறப்பார். சுழலும் டிரம்மை எப்படி எர்த் செய்வது என்று பலர் மண்டையை உடைத்துக்கொள்கிறார்கள். மோட்டார் பாடியும் சேஸிஸும் எர்த் ஆகி, மின்சாரம் உள்ள பாகத்துக்கும் டிரம்முக்கும் குறுக்கே நின்றால், டிரம் மின்சாரம் ஏறக்கூடிய பாகமாகக் கருதப்படாது.

அடுத்தது பவர் கார்டு. 4 கிலோவுக்கு மேற்பட்ட சாதனத்துக்கு 100 நியூட்டன் இழுப்பு, 25 தடவை, வெட்டி இழுக்காமல் தடவைக்கு ஒரு விநாடி. பிறகு 0.35 நியூட்டன் மீட்டர் முறுக்கு, ஒரு நிமிடம். கார்டு 2 மி.மீ.க்கு மேல் நகரக்கூடாது, உள்ளே டெர்மினலில் இழுப்பு தெரியக்கூடாது. 100 நியூட்டன் என்றால் 10.2 கிலோ எடை. 10 கிலோ அரிசிப் பையோடு 200 கிராம் சேர்த்துத் தொங்கவிட்டால் உங்கள் சோதனை தயார். முறுக்குக்கு 10 செ.மீ. நீளக் கம்பியின் நுனியில் 360 கிராம் போதும். கார்டு பிடிப்பிலிருந்து 20 மி.மீ. தள்ளி மார்க்கர் கோடு போட்டுவிட்டுப் பாருங்கள். உள்ளே முடிச்சுப் போடுவது, நூலால் கட்டுவது நம் ஷெட்டுகளில் நெடுநாள் பழக்கம். தரம் இரண்டையும் பெயர் சொல்லியே விலக்குகிறது. சரியான அளவு கார்டு கிரிப் போடுங்கள். கார்டின் வெளிவிட்டம் சப்ளையருக்குச் சப்ளையர் மாறும். கிரிப்பை ஒரு கார்டுக்கு அளவெடுத்துவிட்டு வேறு கார்டு வாங்கினால் பிடிப்பு தளரும். உள்ளே எர்த் வயர் மற்ற இரண்டையும்விட நீளமாக இருக்க வேண்டும்: பிடிப்பு நழுவினால் ஃபேஸும் நியூட்ரலும் முதலில் அறுந்து, எர்த் கடைசியாக அறுபட வேண்டும்.

தண்ணீர்ச் சோதனை கிரைண்டருக்கென்றே பிறந்தது போல இருக்கும். டிரம்மை 1 சதவீத உப்புத் தண்ணீரால், அதாவது லிட்டருக்கு 10 கிராம் உப்பு கரைத்து, விளிம்பு வரை நிரப்புவார்கள். அதற்கு மேல் கொள்ளளவில் 15 சதவீதம் அல்லது கால் லிட்டர், எது அதிகமோ அதை, ஒரு நிமிடத்தில் சீராக ஊற்றுவார்கள். உங்கள் 2 லிட்டர் டிரம்முக்கு அது 300 மி.லி. வழிந்த தண்ணீர் எங்கே போகிறது? டிரம்மின் வெளிப்பக்கம் இறங்கி, அடித்தட்டில் தேங்கி, ஷாஃப்ட் துளை வழியாக மோட்டார் மேல் சொட்டும். அதன் பிறகு எச்வி கொடுப்பார்கள். உங்கள் ஒத்திகையில் தண்ணீரோடு நாலு துளி சொட்டுநீலம் கலந்துகொள்ளுங்கள், மோட்டாரைச் சுற்றி வெள்ளைக் காகிதம் சுற்றுங்கள், பிறகு திறந்து பாருங்கள். நீலக்கோடு வழியைக் காட்டிக்கொடுக்கும். திருத்தம் பெரிய விஷயம் இல்லை. ஷாஃப்ட் துளையைச் சுற்றி 8 முதல் 10 மி.மீ. உயரத்துக்கு மேலெழும்பிய காலர், ஷாஃப்டில் தண்ணீரைச் சிதறடிக்கும் ரப்பர் வளையம், அடித்தட்டில் மோட்டாருக்கு எதிர்ப்பக்கம் ஒரு வடிகால் துளை. கப்பாசிட்டரையும் டெர்மினல் கனெக்டரையும் அந்த வடிகாலின் பக்கமே வைக்காதீர்கள். சிலிக்கான் பேஸ்டை அப்பி அடைப்பதை மட்டும் விட்டுவிடுங்கள். சாம்பிளில் நிற்கும், ஆயிரமாவது பீஸில் ஆள் மறந்திருப்பார்.

அதையடுத்து ஈரப்பதம்: 93 சதவீத ஈரத்தில் 48 மணி நேரம். உடனே, அதே அறையில், லீக்கேஜும் எச்வியும். பேசிக் இன்சுலேஷனுக்கு (அடிப்படைக் காப்பு) 1250 வோல்ட், ரீஇன்ஃபோர்ஸ்டுக்கு (வலுவூட்டிய காப்பு) 3000 வோல்ட், ஒரு நிமிடம். சேம்பர் வாங்க வேண்டாம். பெரிய பிளாஸ்டிக் பெட்டியில், பொட்டாசியம் நைட்ரேட்டைத் தண்ணீரில் இனிக் கரையாது என்ற அளவு வரை கரைத்து அகலத் தட்டில் வைத்தால் மூடிய காற்று 93 சதவீதத்தை ஒட்டி நிற்கும். இந்த வழியைத் தரமே குறிப்பிடுகிறது. நம்மூர் வெடியுப்பு அதுதான், ஆனால் கடையில் கிடைக்கும் கச்சா உப்பு வேண்டாம், லேப் கிரேடு வாங்குங்கள். பெட்டிக்குள் சின்ன ஃபேன் ஒன்று ஓடட்டும். இந்தச் சோதனையில் விழும் வைண்டிங்குக்குக் காரணம் பெரும்பாலும் வார்னிஷ். முக்கி எடுத்து வெயிலில் காயவைத்த ஸ்டேட்டர் (மோட்டாரின் சுழலாத பாகம்), மார்ச்சில் மெகரில் 200 மெகா ஓம் காட்டும். இடவப்பாதி மழையில் (ஜூன் மாதப் பருவமழை) அதே ஸ்டேட்டர் ஒற்றை இலக்கத்துக்கு இறங்கும். வார்னிஷ் முக்குமுன் ஸ்டேட்டரைச் சூடாக்கி ஈரத்தை விரட்ட வேண்டும், முக்கிய பிறகு வார்னிஷ் டின்னில் போட்டிருக்கும் சூட்டில், போட்டிருக்கும் நேரம் ஓவனில் வேக வேண்டும். ஆவாரம்பாளையத்தில் உங்களுக்கு வைண்டிங் செய்பவரிடம் ஓவன் இருக்கிறதா என்று நேரில் போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள். மோட்டார் ஜூலையில் வாளையார் தாண்டி வரும்போது பிளாஸ்டிக் உறை இல்லாமல் வந்தாலும் இதே கதைதான்.

லீக்கேஜ் எல்லையில் ஒரு சூட்சுமம் உண்டு. 18 கிலோவுக்குக் குறைவான, பொருத்தி வைக்காத சாதனம் போர்ட்டபிள் கணக்கில் வரும். கிளாஸ் 1 போர்ட்டபிளுக்கு 0.75 மில்லி ஆம்பியர்தான் எல்லை. ஹோட்டலுக்குச் செய்யும் பெரிய கிரைண்டர் நிலையான மோட்டார் சாதனம், அதற்கு 3.5 வரை போகலாம். பெரியதைச் செய்து பழகியவர்கள் "இரண்டு மில்லி ஆம்பியர்தானே" என்று விட்டுவிடுவார்கள். டைமர் போர்டு சேர்க்கும்போது இன்னும் கவனம் வேண்டும். சப்ளைக்கும் எர்த்துக்கும் நடுவே 10 நானோ ஃபாரட் ஒய் கப்பாசிட்டர் இருந்தால், 230 வோல்ட்டின் 1.06 மடங்கில் அது ஒன்றே 0.77 மில்லி ஆம்பியரை விட்டுவிடும், வைண்டிங் எவ்வளவு நன்றாக இருந்தாலும் ஃபெயில். 4.7 நானோ போட்டால் 0.36. சீன டைமர் போர்டுகளை வாங்குமுன் இந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்கள்.

லேபிள் விஷயத்தில் வெட்கப்படும்படி விழுவார்கள். வைண்டிங்காரர் "ஐந்தில் ஒரு எச்பி" என்பார், நீங்கள் 150 வாட்ஸ் என்று அடிப்பீர்கள். அது ஷாஃப்டில் கிடைக்கும் சக்தி. லேப் அளப்பது சப்ளையிலிருந்து இழுப்பதை. மோட்டாரின் திறன் 60 சதவீதம் என்று வைத்தால் 149ஐ 0.6ஆல் வகுக்க 248 வாட்ஸ். 25 முதல் 300 வாட்ஸ் வரையான மோட்டார் சாதனத்துக்கு லேபிளில் உள்ளதைவிட 20 சதவீதம்தான் கூடலாம். 150 என்று போட்டால் 180 வரைதான் இடம். மாவோடு ஓட்டி, வாட் மீட்டரில் பார்த்து, 250 என்றே போடுங்கள். குறைவாகக் காட்டினால் கரண்ட் பில் குறையும் என்று வாங்குபவர் நினைப்பார் என்பது விற்பனைக் கணக்கு, லேபில் எடுபடாது. அச்சு அழியக்கூடாது: தண்ணீர் நனைத்த துணியால் 15 விநாடி, பெட்ரோலியம் ஸ்பிரிட் நனைத்த துணியால் 15 விநாடி தேய்ப்பார்கள். லேமினேஷன் இல்லாத ஸ்டிக்கர் இரண்டாவதில் வழுக்கிவிடும்.

இப்போது மோட்டார். வெப்பச் சோதனையை 0.94 முதல் 1.06 மடங்கு வோல்ட்டேஜ் வரை எது மோசமோ அதில் செய்வார்கள். 216, 244 இரண்டிலும் ஓட்டிப் பாருங்கள். இண்டக்‌ஷன் மோட்டார் சில சமயம் அதிக வோல்ட்டேஜில்தான் சூடாகும். வைண்டிங் சூட்டைத் தெர்மாமீட்டரால் அளப்பதில்லை, ரெசிஸ்டன்ஸ் ஏறுவதிலிருந்து கணக்கிடுவார்கள். ஓட்டுமுன் 28 டிகிரியில் 12.0 ஓம், நிறுத்தியவுடன் 15.6 ஓம், அப்போது அறை 30 டிகிரி என்று வைத்துக்கொள்வோம். ஏற்றம் 3.6; அதை 12ஆல் வகுத்து, காப்பருக்கான மாறிலி 234.5 கூட்டல் 28, அதாவது 262.5ஆல் பெருக்க 78.75. அறை ஏறிய 2ஐக் கழித்தால் 76.75 கெல்வின். ஐஇசி அட்டவணையில் ரெசிஸ்டன்ஸ் முறைக்கு, இன்சுலேஷன் தாங்கும் சூட்டைப் பொறுத்து, இ வகுப்புக்கு 90, பி வகுப்புக்கு 95, எஃப் வகுப்புக்கு 115. எனவே இது தப்பித்தது. வைண்டிங் அலுமினியமாக இருந்தால் 234.5க்குப் பதில் 225. காப்பர் என்று நினைத்துக் கணக்குப் போட்டு லேபில் வேறு எண் வருவது இதனால்தான். நிறுத்திய பிறகு முதல் அளவு சில விநாடிகளுக்குள் எடுக்க வேண்டும். தாமதித்தால் குறைந்த எண்ணைப் பார்த்து ஏமாறுவீர்கள். எஃப் வகுப்பு என்று சொல்வதற்கு வயர் மட்டும் எஃப் ஆனால் போதாது. ஸ்லாட் பேப்பர், ஸ்லீவ், கட்டும் நூல், லீட் வயர் எல்லாம் அந்த வகுப்பாக இருக்க வேண்டும்.

வழிமுறைத் தாளில் எழுதும் ஓட்டும் நேரமும் சோதனையைப் பாதிக்கும். விளம்பரத்துக்காக "எவ்வளவு நேரமும் ஓட்டலாம்" என்று எழுதுகிறவர் தன் மோட்டாருக்குத் தானே குழி தோண்டுகிறார்.

பிறகு வருவது கல் சிக்கி நின்றால் என்ன என்ற சோதனை. மோட்டாரின் சுழலும் பாகமான ரோட்டரைப் பூட்டிவிட்டு சப்ளை கொடுப்பார்கள். எவ்வளவு நேரம் என்பதைப் பகுதி 2 சொல்லும். கப்பாசிட்டர் மோட்டார் என்றால் கப்பாசிட்டரைத் திறந்துவிட்டும், அது தரம் கேட்கும் பாதுகாப்பு வகுப்பில் இல்லை என்றால் ஷார்ட் செய்தும் மறுபடி பூட்டுவார்கள். தெர்மல் புரொடெக்டர் (சூடு மீறினால் சப்ளையைத் துண்டிப்பது) உள்ள மோட்டாரில் முதல் மணி நேரத்தில் உச்சம் இ வகுப்புக்கு 215, பி வகுப்புக்கு 225, எஃப் வகுப்புக்கு 240 டிகிரி வரை அனுமதி. புரொடெக்டரை வைண்டிங் மேல் சும்மா ஒட்டி வைத்தால் சூடு அதற்குத் தாமதமாகப் போய்ச் சேரும். என்ட் வைண்டிங்கின் உள்ளே செருகி, நூலால் கட்டி, அதோடு வார்னிஷ் போட வேண்டும். சில ரூபாய் மிச்சம் பிடிக்க இதையே விட்டுவிடும் வைண்டிங் கடைகள் உண்டு. ஆர்டரில் பார்ட் நம்பரோடு எழுதுங்கள். ஒன்றைச் சொல்ல வேண்டும்: தரம் சோதிப்பது 6 சதவீத ஏற்ற இறக்கம் மட்டும். மாலையில் 170 வோல்ட்டுக்கு விழும் கிராமத்து லைனில் மாவு அரைக்கும் கிரைண்டர் இதைவிடக் கஷ்டப்படும். அதற்கு உங்கள் சொந்தச் சோதனை தனியாக வேண்டும்.

பிளாஸ்டிக்கில் ஏமாற வாய்ப்பு உண்டு. மின்சாரம் உள்ள பாகத்தைத் தாங்கும் பிளாஸ்டிக்கை 125 டிகிரியில் பால் பிரஷர் (உலோகப் பந்தை வைத்து அழுத்துவது) சோதிப்பார்கள், பந்தின் தடம் 2 மி.மீ. விட்டத்துக்குள் நிற்க வேண்டும். குளோ வயர் சோதனை (பழுக்கச் சூடாக்கிய கம்பியை வைப்பது) சாதாரண பாகத்துக்கு 550 டிகிரி. ஆள் பக்கத்தில் இல்லாமல் ஓடும் சாதனமாகக் கருதினால் கரண்ட் போகும் இணைப்பைத் தாங்கும் பாகத்துக்கு 850. ரீகிரைண்ட் (அரைத்து மறுபடி உருக்கிய பிளாஸ்டிக்) கலந்த டெர்மினல் பிளாக் இதில் தீப்பிடித்துச் சொட்டும். வெளி உடல் பாகத்தைவிட 12 ரூபாய் கனெக்டரைக் கவனியுங்கள்.

சாம்பிள் அனுப்பும்போது முழு இயந்திரங்களோடு, ஒரு தனி மோட்டார், கார்டும் கிரிப்பும் தனியாக, ஒவ்வொரு பிளாஸ்டிக் பாகத்திலும் சில பீஸ்கள், மூன்று கப்பாசிட்டர் சேர்த்து அனுப்புங்கள். கூடவே பாகப் பட்டியல்: பாகம், தயாரிப்பாளர், மாடல், ரேட்டிங், சான்றிதழ் எண். கார்டுக்கு ஐஎஸ் 694, பிளக்குக்கு ஐஎஸ் 1293, கப்பாசிட்டருக்கு ஐஎஸ் 2993. சான்றிதழில் உள்ள மாடலும் பாகத்தில் அச்சடித்ததும் எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போக வேண்டும். ஒத்துப்போகவில்லை என்றால் லேப் அந்தப் பாகத்தைத் தனியாகச் சோதிக்கும், நாளும் பணமும் ஏறும். ஃபெயில் என்று போன் வந்தால் எந்த உட்பிரிவு, அளந்த எண் என்ன, போட்டோ உண்டா என்று கேளுங்கள். திருத்தியதும் அந்த உட்பிரிவு மட்டும் போதுமா, அதோடு தொடர்புள்ளவையும் மறுபடியா என்பதையும் கேளுங்கள். ஷாஃப்ட் காலரை உயர்த்தினால் காற்றோட்டம் மாறும், வெப்பச் சோதனையை மறுபடி செய்யச் சொல்வது நியாயம்தான். சுருக்க முறையில் (லேப் ரிப்போர்ட்டைக் கூடவே வைத்து) பிஐஎஸ்ஸுக்கு விண்ணப்பிக்கும்போது ரிப்போர்ட் 90 நாளுக்கு மேல் பழையதாக இருக்கக்கூடாது என்பதால், ஆலைக் கருவிகளும் ஆளும் தயாரான பிறகே லேபைத் தொடங்குங்கள்.

வளைகுடாவுக்கும் அனுப்பும் எண்ணம் இருந்தால் இப்போதே சொல்லி வைக்கிறேன்: சவுதியில் 60 ஹெர்ட்ஸ். நாலு போல் மோட்டாரின் 1500 சுற்று அங்கே 1800 ஆகும், கப்பாசிட்டர் கரண்டும் ஏறும். இந்த ரிப்போர்ட்டைக் காட்டி அங்கே போக முடியாது, அந்த மோட்டாருக்குத் தனி வடிவமைப்பும் தனிச் சோதனையும் வேண்டும்.

லைசென்ஸ் வந்த பிறகு வரும் வேலைதான் அதிகம். முத்திரையின் மேல் ஐஎஸ் எண், கீழே சிஎம்/எல் எண், அதாவது லைசென்ஸ் எண். ஆலையிலிருந்தும் கடையிலிருந்தும் பிஐஎஸ் சாம்பிள் எடுக்கும். கப்பாசிட்டர் பிராண்டை மாற்றினாலும் பட்டியலைத் திருத்தி, தேவைப்பட்டால் சோதித்த பிறகே மாற்ற வேண்டும். லைனில் ஒவ்வொரு பீஸுக்கும் மூன்று சோதனை: குறைந்தது 10 ஆம்பியரில் எர்த், பிளக் பின்னிலிருந்து பாடி வரை 0.2 ஓமுக்குள், 1000 வோல்ட் ஒரு விநாடி, டிரிப் 5 மில்லி ஆம்பியர், பிறகு ஓட்டிப் பார்த்தல். எச்வி டெஸ்டர் உண்மையிலேயே டிரிப் ஆகிறதா என்று தினமும் காலையில் பழுதான ஒரு டம்மி பீஸைக் காட்டிச் சரிபாருங்கள். டெஸ்ட் செய்பவர் ரப்பர் பாய் மேல் நிற்க வேண்டும், ஒரு கையை பாடியிலிருந்து விலக்கி வைக்க வேண்டும். சீரியல் நம்பரோடு ரிஜிஸ்டரில் எழுதுங்கள்; இன்ஸ்பெக்டர் வந்தால் முதலில் கேட்பது அந்த ரிஜிஸ்டரை.